இருவரும் ஒருவரா?

ஜூன் 10, திங்கள்

திங்கள்தான் எங்களுக்கு வார விடுமுறை. அன்றைக்கும் மியூசியத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். புது மேசை வந்து இறங்கியிருக்கிறது. மேசை என்றால் கட்டில் அகலத்துக்கு ஒரு தொடுதிரை. நாலு பக்கமும் ஆட்கள் நின்று ஒரே நேரத்தில் தொடலாம். பெயர் ‘நம் குடும்பம்’. வருகிற குடும்பம் மொத்தமும் சேர்ந்து தங்கள் வம்சத்தைத் தாங்களே வரைய வேண்டுமாம். பெயரை எழுதினால் ஒரு வட்டம், உறவைச் சொன்னால் ஒரு கோடு. பிறகு உச்சியில் இருக்கும் மூத்தவருக்கு ஒரு சிவப்பு மணியைக் கொடுத்து உருட்டிவிட்டால் அது சில பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெருகித் தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கும். ஒரு மணி வந்தால் வட்டம் சும்மா இருக்கும். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு மணி சேர்ந்துவிட்டால் அந்த வட்டம் எரியும். ஒளிந்திருக்கும் நோய் பிள்ளைக்கு எப்படி வந்து சேருகிறது என்று இதில் விளங்கிவிடுமாம்.

மேசையைச் செய்தவள் கிருத்திகா. கோயம்புத்தூர்ப் பெண். இருபத்தேழு வயதுகூட இருக்காது. வழிகாட்டிகள் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினாள். “அக்கா, கையைப் பின்னால கட்டிக்கோங்க. குடும்பம் தானாக் கண்டுபிடிக்கணும். நீங்க சொல்லிக் கொடுத்தீங்கன்னா அது பள்ளிக்கூடம் ஆயிருமுங்க.”

பதினான்கு வருடமாக ‘தொடாதீங்க, தொடாதீங்க’ என்று கத்திய வாய் இது. இனிமேல் ‘தொடுங்க’ என்று சொல்ல வேண்டும். கூடவே ஒரு தாள் நிரப்ப வேண்டும். முதலில் தொட்டது யார், யார் யாருக்கு விளக்கினார், சிரிப்பா சண்டையா என்று கேள்விகள். கடைசிக் கேள்வி: வழிகாட்டி தலையிட்டாரா? ஆம் / இல்லை.

தாளில் அடங்காததை எழுத ஆளுக்கு ஒரு டைரியும் தந்தாள். பேப்பர் நன்றாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 13, வியாழன்

மேசையைச் சோதிக்க ஒரு குடும்பம் வேண்டும் என்றாள் கிருத்திகா. “சண்முகத்தாய் அக்கா, உங்களதைப் போடுங்க” என்றாள். போட்டேன்.

அது கேட்டபடியே எழுதினேன். அம்மாவின் உடன்பிறந்தவர்கள் யார்? கடைசித் தம்பி உலகநாதன். என் உடன்பிறந்தவர்? அண்ணன் ஒருவர், அவருக்கு ஒரே மகன் ஆவுடையப்பன். கணவர் பெயர்? உலகநாதன். பிள்ளைகள்? கோமதி, இருபத்திரண்டு. வடிவு, பத்து.

மணியை உருட்டினேன். நாலு தடவை உருட்டியும் எந்த வட்டமும் எரியவில்லை. ‘உங்கள் குடும்பத்தில் இரு மணிகள் சேரும் வாய்ப்பு மிகக் குறைவு’ என்று அச்சடித்துக் கொடுத்தது. உலகநாதன் என்று இரண்டு வட்டம் இருந்தது. இருந்தால் என்ன? கேட்ட கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் எழுதினேன்.

அந்தத் தாளை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். கோமதியின் கல்யாணப் புடவை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. ஆவணி பதினாலு முகூர்த்தம். மாப்பிள்ளை ஆவுடைதான். இரண்டும் சின்னப் பிள்ளையிலிருந்தே ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தவை.

ஜூன் 19, புதன்

சாயங்காலம் கரண்டு போயிற்று. விளக்கேற்றுவதற்குள் வடிவு சாம்பார்ச் சட்டியில் காலை விட்டாள். சட்டி வழியில் ஒன்றும் இல்லை, சுவரோரம்தான் இருந்தது. “கண்ணு எங்கட்டி இருக்கு, பொடதியிலயா?” என்று முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. “இனிமே கவனமா இருக்கேம்மா” என்றாள். இந்தப் பதிலைத்தான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 23, ஞாயிறு

திறப்பு விழா. ஒரே கூட்டம்.

மேசையைச் சுற்றி நின்றால் ஒவ்வொரு வீட்டின் குணமும் தெரிந்துவிடுகிறது. ஒரு அப்பா எல்லாக் கையையும் தட்டிவிட்டுத் தானே தொட்டார். அவருடைய மனைவி ஒரே ஒரு இடத்தில் மட்டும், “அது அப்படி இல்லைங்க” என்றார். அவர் திரும்பிப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். இன்னொரு வீட்டில் அப்பா ஏதோ கேட்க, மகள் விளக்க, அம்மா மடக்கிக் கேட்க, அரை மணி நேரம் மூன்று தலையும் முட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் போகும்போது ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு போனார்கள்.

பதினோரு தாள் நிரப்பினேன். தலையிட்டாரா: இல்லை, இல்லை, இல்லை. கை முதுகுக்குப் பின்னால் மரத்துப்போய்விட்டது.

ஜூன் 27, வியாழன்

வடிவின் டீச்சர் போன் செய்தார். போர்டில் நடுவில் எழுதியதைப் படிக்கிறாளாம், பக்கத்தில் நிற்பவளை இடித்துவிடுகிறாளாம். மாலைக்கண்ணாக இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறார். போன வருடமே காட்டியாயிற்று. டாக்டர் சத்து மாத்திரைதான் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் பப்பாளி. நடுவில் இருப்பதைப் படிக்கிறாள் என்றால் கண்ணில் என்ன கோளாறு இருக்க முடியும்?

ஜூலை 5, வெள்ளி

பள்ளி விட்டதும் வடிவு நேரே மியூசியத்துக்கு வந்துவிடுகிறாள். அந்தக் கூடம் எப்போதும் இருட்டு. திரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று விளக்கைக் குறைத்திருக்கிறார்கள். வாசலிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். அப்புறம் நகரமாட்டாள்.

மேசையின் சத்தமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ‘ஆம்’ என்று தொட்டால் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டின மாதிரி ஒரு ஓசை. ‘இல்லை’ என்றால் மரத்தைத் தட்டின மாதிரி, டொக். பதில் சொல்லாமல் விட்டால் ஒரு குருவி கூவிக்கொண்டே இருக்கும். எனக்கே இவ்வளவு நாளில் இது உறைக்கவில்லை.

“பாக்காமயே சொல்லுதேன் பாரும்மா” என்று கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் சரியாகச் சொன்னாள். “என் கெட்டிக்காரி” என்று மெச்சினேன். வீட்டுக்கு வந்து மாமாவிடமும் சொன்னேன், அவள் அப்பாவிடம். மோட்டார்க் கடையில் காயில் கம்பி சுற்றிச் சுற்றிக் காய்ப்பேறிய கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 17, புதன்

கிருத்திகா போன் செய்தாள். “அக்கா, ஒரு சந்தேகமுங்க. உங்க ஊர் மேசையில மட்டும் ஒரே பேரு ரெண்டு வட்டத்துல வருது. தாய்மாமன் இடத்துல ஒண்ணு, வீட்டுக்காரர் இடத்துல ஒண்ணு. கைதவறி எழுதறாங்களா?”

கைதவறி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. “அது தவறு இல்லம்மா. மாமான்னா மாமாதான். அம்மாகூடப் பொறந்தவரும் மாமா, கட்டிக்கிட்டவரும் மாமா. ரெண்டும் ஒரே ஆளா இருக்கும்” என்றேன்.

“ஐயோ, மேசை ரெண்டு ஆளுன்னுல்ல எடுத்துக்கிட்டிருக்கு” என்றாள். “கோடு சுத்தி வந்து முடியற குடும்பத்துக்கெல்லாம் தப்பான தாளை அச்சடிச்சுக் கொடுத்திருக்கோமுங்க, அக்கா. நல்லவேளை சொன்னீங்க.”

நல்லவேளையாம்.

ஜூலை 28, ஞாயிறு

மேசையில் புதுக் கேள்வி ஏற்றிவிட்டார்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால், ‘இருவரும் ஒருவரா? ஆம் / இல்லை’ என்று கேட்கிறது. ஆம் என்று தொட்டால் இரண்டு வட்டமும் நகர்ந்து வந்து ஒன்றாகிவிடும். கோடு வளைந்து முடிச்சு விழும்.

மத்தியானம் தென்காசிப் பக்கத்திலிருந்து கணவன் மனைவி இருவர் வந்தார்கள். கூட ஒரு சின்னப் பெண். மனைவி சிரித்துக்கொண்டே, “எங்க அத்தை மவந்தான் இவாள்” என்று எனக்குச் சொல்லிவிட்டு ‘ஆம்’ தொட்டார். மூன்றாவது உருட்டலில் ஒரு வட்டம் எரிந்தது. அந்த வட்டத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தார்கள், கூட வந்திராத பிள்ளையின் பெயர். கணவர் திரையை உள்ளங்கையால் மூடினார். மூடினால் அணைந்துவிடுமா? விரல் இடுக்கில் சிவப்பாகத் தெரிந்தது. “நாம கும்பிடாத சாமி இல்ல, போவாத கோயில் இல்ல” என்றார் மனைவி. அவ்வளவுதான். சின்னப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தாளில் ‘சிரிப்பா, சண்டையா’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து என் தாளைப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. மஞ்சள் தடவினோம். வடிவு அட்டையை மூக்கருகே வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். கோமதி, அடுத்த ஞாயிறு ஆவுடையைக் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்கு வருவதாகச் சொல்கிறாள். “வேற இடமே கிடைக்கலயா ஒங்களுக்கு?” என்றேன். “வடிவுதாம்மா ஒத்தக்கால்ல நிக்கா. அத்தானுக்கு அவதான் மேசையைக் காட்டுவாளாம்” என்கிறாள்.

லீவு போடப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு வந்தார்கள். மாமாவும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். வடிவு ஆவுடையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். யாராவது பார்த்தால் அவள்தான் வழிகாட்டுகிறாள் என்று நினைப்பார்கள். “நீங்க இங்கன நில்லுங்க அத்தான். அக்கா எதுக்கால நிக்கட்டும். அப்பா மேல எழுதுங்க.” ஆளுக்கு ஒரு பக்கம் நிறுத்தினாள். நான் தூணை ஒட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

எந்தக் குறையைத் தேடலாம் என்று திரையில் ஒரு பட்டியல் வரும். “மாலைக்கண்ணுன்னு இருக்கும், அதைத் தொடுக்கா. டீச்சர் எனக்கு அதான்னாவ” என்றாள் வடிவு. கோமதி தொட்டாள். வட்டங்கள் வரிசையாக வந்தன. சிரிப்பும் கேலியுமாகத்தான் போனது. ஆவுடை தன் பெயரில் எழுத்துப் பிழை விட்டதற்கு கோமதி அவனை ஒரு பாடு படுத்தினாள்.

பிறகு கேள்வி வந்தது. ‘உலகநாதன் என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. இருவரும் ஒருவரா?’

குருவி கூவ ஆரம்பித்தது. அந்தச் சமயம் கோமதி ஆவுடையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வி என் பக்கத்து ஓரத்தில்தான் நின்றது. என் கை பின்னாலிருந்து முன்னால் வந்தது. வந்தது என்ன, நான்தான் கொண்டுவந்தேன். ‘இல்லை’யைத் தொட்டேன். டொக்.

வடிவு தலையைத் தூக்கினாள். “அம்மா, வளையல் சத்தம் கேட்டுச்சே. நீதான தொட்ட?”

கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டேன்.

“அது ‘இல்ல’யோட சத்தம்லா. தப்பாத் தொட்டுட்ட. அம்மாச்சியோட தம்பியும் அப்பாதான, அப்பாவும் அப்பாதான. அக்கா, மாத்து.”

கோமதி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘மாற்று’ என்பதைத் தொட்டு, ‘ஆம்’ தொட்டாள். கிண்ண ஓசை கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டு உலகநாதனும் நகர்ந்து வந்து ஒன்றானார்கள். கோடு வளைந்து முடிச்சு விழுந்தது.

மணியை ஆவுடை உருட்டினான். ஒன்றும் இல்லை. மாமா உருட்டினார். ஒன்றும் இல்லை. ‘போதும், வாங்க, டீ குடிக்கலாம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வடிவு தடவிப் பிடித்து உருட்டிவிட்டாள். ஒரு மணி என் வழியாக வந்தது. இன்னொன்று மாமா வழியாக வந்தது. இரண்டும் வடிவின் வட்டத்தில் போய் நின்றன.

கீழே வந்த எழுத்தை கோமதி சத்தமாகப் படித்தாள், வடிவுக்காக. “பிறவியிலேயே வரும் மாலைக்கண் சத்துக் குறைவால் வருவதல்ல. உறவுக்குள் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும். முதலில் இருட்டில் பார்வை மங்கும். நாளடைவில் பக்கப் பார்வை...” அதற்கு மேல் வாய்க்குள் படித்துக்கொண்டாள்.

“நாளடைவுல என்னக்கா?” என்றாள் வடிவு.

மேசைதான் அடுத்த ஜோடிக்குப் போய்க் கேள்வியைக் கேட்டது. ‘ஆவுடையப்பன் என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. இருவரும் ஒருவரா?’ என் அண்ணன் மகன் வட்டம் ஒன்று. கோமதிக்குப் பக்கத்தில், அவளே எழுதின வட்டம் ஒன்று.

குருவி கூவிக்கொண்டே இருந்தது. கோமதியின் விரல் திரைக்கு மேலே நின்றது. ஆவுடை அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குருவி கூவுதே, ஏன் யாரும் தொடல?” என்றாள் வடிவு. “எல்லாரும் போயிட்டீங்களா?”

ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் மேசை தானாக அழித்துவிடும். அழித்தது. ‘வாருங்கள், உங்கள் குடும்பத்தை வரையுங்கள்’ என்று மறுபடி ஆரம்பத்தில் போய் நின்றது.

ஆகஸ்ட் 12, திங்கள்

கோமதி பீரோவைத் திறந்து அந்தத் தாளைக் கிழித்தாள். அதன் கீழே வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துவிட்டாள். போன வருடச் சீட்டு. டாக்டர் கையெழுத்தில், ‘சொந்தத்தில் திருமணம்: இல்லை.’

“அவங்க கேட்டாங்களா, கேக்காமயே எழுதிட்டாங்களா?”

“கேட்டாங்க” என்றேன்.

கேட்டார்கள்தான். டாக்டர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல், ‘சொந்தத்துல கல்யாணமா?’ என்று கேட்டார். மாமா வெளியே வண்டியை நிறுத்தப் போயிருந்தார். அப்போதுதான் அண்ணன் வீட்டில் கோமதியைப் பெண் கேட்டிருந்தார்கள். ஆமா என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பார், என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மியூசியத்தில் பதினான்கு வருடம் இருக்கிறேன், சுவரெல்லாம் அதைத்தான் எழுதிப் போட்டிருக்கிறது. பத்தொன்பது வயதில், படிக்க அனுப்புகிறோம் என்றபோதும், மாமாவைத்தான் கட்டுவேன் என்று சோறு தின்னாமல் கிடந்தவள் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஆசையில் ஒரு பிசகும் இல்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. ‘இல்லை’ என்றேன். மாத்திரை எழுதினார்.

“டாக்டர்கிட்ட சொல்லல, அது கெடக்கட்டும்” என்றாள் கோமதி. “எனக்குச் சொல்லியிருக்கலாம்லா? நான் கட்டிக்கிட்டு, பெத்து, அதுவும் செவுத்தைத் தடவுனா, அதையும் அடிச்சிருப்பியாம்மா?”

ஆகஸ்ட் 14, புதன்

மாமா இப்போதெல்லாம் சோற்றுத் தட்டை வடிவின் கைக்கு நேராக நகர்த்தி வைக்கிறார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வடிவை மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். மாமாவும் கோமதியும்தான் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து மாமா சொன்னார். அங்கேயும் முதல் கேள்வி அதுதானாம். கோமதிதான் ‘ஆமா’ என்றாளாம். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்களாம். பக்கப் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. நடுப் பார்வையும் மெல்லப் போகும். எப்போது என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை. வெளிச்சம் இருக்கிறபோதே பிரெயில் படிக்கப் பழக்குங்கள், பிள்ளை கெட்டிக்காரி என்றார்களாம்.

“போன வருசம் தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு கேட்டேன்” என்றார் மாமா. “முடியாதுன்னாங்க. ஆனா பிள்ளையை அடிச்சிருக்க மாட்டோம்லா?”

அடித்தது நான். ‘அடிச்சிருக்க மாட்டோம்’ என்கிறார்.

வடிவு சட்டை மாற்றிக்கொண்டே என்னிடம் வந்தாள். “அம்மா, எனக்கு வியாதியாம். நான் கவனம் இல்லாத பிள்ளை இல்லையாம்” என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்ளக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கோமதியே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன், யோசிக்கலாம் என்றானாம் ஆவுடை. அவன் அம்மா விடவில்லை. நிச்சயப் புடவையை மதியம் ஆள் மூலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதினி என்னிடம் போனில் ஒரே வார்த்தை கேட்டாள்: “எம் பிள்ளை தலையில கட்டப் பாத்தியே?”

கோமதி மாடியில் துணி காயப் போடப் போனவள் இருட்டும் வரை இறங்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

முகூர்த்த நாள். வேலைக்குப் போனேன்.

கிருத்திகா வந்திருந்தாள். “பதினொண்ணாம் தேதி நாலு மணிக்கு ஒரு குடும்பம் மேசையில இருந்திருக்குங்க, அஞ்சு பேரு. பதில மாத்தியிருக்காங்க, கடைசிக் கேள்விக்குப் பதிலே சொல்லல. அந்தத் தாளை மட்டும் காணோமுங்க அக்கா” என்றாள். நாலு பேர்தான் என்று சொல்ல நினைத்தேன். ஐந்து கை தொட்டிருக்கிறது என்று மேசைக்குத் தெரிந்திருக்கிறது. நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் வெற்றுத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனாச் சத்தம் கேட்டு வடிவு பக்கத்தில் வந்தாள். “என்னம்மா எழுதுத? எனக்கும் வாசி.”

வாசித்தேன். முதலில் தொட்டது யார்? “அக்கா” என்றாள். யார் யாருக்கு விளக்கினார்? “அக்கா எனக்கு. பாதியில நிறுத்திட்டா.” சிரிப்பா, சண்டையா? யோசித்து, “மொதல்ல சிரிப்பு” என்றாள். ஒவ்வொன்றையும் அவள் சொன்னபடியே எழுதினேன்.

கடைசிக் கேள்விக்கு வந்தேன். நிறுத்தினேன்.

“இன்னும் ஒண்ணு இருக்குல்லா?” என்றாள். “வாசி.”

“வழிகாட்டி தலையிட்டாரா? ஆம், இல்லை.”

“அதை நீதான் சொல்லணும். சத்தமாச் சொல்லிட்டு எழுதும்மா, எனக்குத் தெரியாதுல்லா நீ எதுல குறி போடுதன்னு.”

பேனாவை ‘ஆம்’ பக்கம் கொண்டுபோனேன். “ஆமா” என்றேன்.

“கேக்கல” என்றாள்.

இன்னொரு முறை சொன்னேன்.